நிழலுக்குள் ஒரு வளை

கடல் எங்கள் ஊர் மணலைத் தின்று முடித்த வருஷம், இருக்க இடமில்லாமல் போன நண்டுகள் எங்கள் நிழல்களில் வளை தோண்டிக் குடியேறின.

வடக்கே துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிய பிறகு, அகலமாகக் கிடந்த எங்கள் கரை ஒவ்வொரு வாடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, கடைசியில் ஒரு மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஈர மணல் மட்டும் மிஞ்சியது. அதையும் அலை வந்து வந்து வழித்துக்கொண்டே இருந்தது. வளை நண்டுக்கு அது ஆகாது. மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும் இருக்கிற மணல்தான் அதற்கு வேண்டும், மேலே காய்ந்தால்தான் வாயில் சரியாமல் நிற்கும், அடியில் ஈரம் இருந்தால்தான் மூச்சு நிற்காமல் இருக்கும். எங்கள் நிழல்கள் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும், மேலே காய்ந்தும் அடியில் ஈரமாகவும். வேறு காரணம் எனக்குத் தெரியாது, அந்த நாளில் யாரும் கேட்கவும் இல்லை.

முதலில் பார்த்தது என் மனைவியின் தங்கை கனகு. தலைச்சுமையாக மீன் விற்கிறவள். ஏலம் போடுகிற இடத்தில் நின்று பேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவள் கூடையில் மணல் விழுந்தது. துடைத்தாள், மறுபடி விழுந்தது. "எவடி அவ மண்ண வாரிப் போடுறது" என்று திரும்பினால் யாரும் இல்லை. தரையில் கிடந்த அவள் நிழலில், இடுப்பு இருக்கிற இடத்தில், இரண்டு விரல் நுழைகிற அளவுக்கு ஒரு வளை. அதன் வாயில் மணல் நிறத்தில் ஒரு நண்டு, ஒரு பக்கத்துக் கால்களை மடக்கி, இடுப்பில் பிள்ளையை இடுக்கிக்கொள்வதுபோல ஈர மண்ணை இடுக்கிக்கொண்டு வெளியே வந்து வீசி எறிந்துவிட்டு, தீக்குச்சி போன்ற இரண்டு கண்களை நிமிர்த்தி அவளைப் பார்த்தது. கனகுவும் அதைப் பார்த்தாள். "சரி, இருந்துட்டுப் போ. கூடைய நான் ஓரமா வச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மிச்ச மீனை விற்று முடித்தாள்.

அந்த வாரத்துக்குள் ஊரில் எல்லோருக்கும் ஆளுக்கொரு வளை வந்துவிட்டது. குழந்தைகளின் நிழலில் வளை நேராகவும் ஆழமில்லாமலும் இருந்தது, வயது ஏற ஏற ஆழமாகவும் வளைந்தும் இருந்தது. கரையில் மணல் இருந்த காலத்திலும் அப்படித்தான், குஞ்சு நண்டுகள் தண்ணீர் ஓரத்தில் சின்னதாகத் தோண்டிக்கொள்ளும், மூத்தவை மேட்டில் முழங்கை ஆழத்துக்கு இறங்கி அங்கே ஒரு திருப்பம் திரும்பி உட்கார்ந்துகொள்ளும். பெண் பார்க்க வருகிறவர்கள் பெண்ணின் நிழலையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் காபி குடித்தார்கள். ஒருவர் நிழலை ஒருவர் மிதிக்கக் கூடாது என்று ஊர்த் தலைவர் வீரப்ப நாட்டார் கட்டுப்பாடு போட்டார். மிதித்தவர், மிதிபட்டவரின் நண்டுக்கு ஒரு வாரம் குடத்தில் கடல் தண்ணீர் கொண்டுவந்து ஊற்ற வேண்டும். ரேஷன் கடை வரிசையில் ஆட்கள் சாய்வாக நிற்கக் கற்றுக்கொண்டார்கள். உச்சி வெயிலில் நிழல் காலடிக்குச் சுருங்கும்போது நண்டுகள் உள்ளிருந்தபடியே ஈர மண்ணை உருட்டி வளையின் வாயை அடைத்துக்கொண்டன, அந்த நேரத்தில் எதைச் செய்தாலும் கை ஓடவில்லை, அதனால் ஊரே வேலையைப் போட்டுவிட்டுப் படுத்தது. இருட்டிவிட்டால் உலகமே ஒரு நிழல்தான் என்பதால் அவை இஷ்டத்துக்குத் திரிந்துவிட்டு விடிவதற்குள் அவரவர் வளைக்குத் திரும்பின. ஒன்றுகூட இடம் மாறியதாக நான் கேள்விப்படவில்லை.

அவை என்ன தின்றன என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அலை ஒதுக்கிப் போட்டதைத் தின்று கரையைச் சுத்தமாக வைக்கிற இனம் அது. எங்களிடமும் அன்றன்றைய நாள் ஒதுக்கிப் போட்டதைத் தின்றிருக்கும், அலுப்பு, ஆற்றாமை, வாய்க்குள்ளேயே அடங்கிப்போன பேச்சு. அந்தக் காலத்தில் எங்களுக்கு நல்ல தூக்கம் வந்தது என்பது மட்டும் நிச்சயம்.

ஒரே ஒரு கடமைதான் இருந்தது. நண்டு கரையில் திரிந்தாலும் மூச்சு விடுவது செவுளால், செவுள் நனைந்திருக்க வேண்டும். கால் இடுக்கில் அதற்கு மயிர்க்கற்றை உண்டு. ஈர மணலில் உட்கார்ந்தால், திரி எண்ணெயை இழுப்பதுபோல அது தண்ணீரை இழுத்துச் செவுளுக்கு ஏற்றும். ஆகவே காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை நிழலைக் கடலில் நனைக்கப் போனோம். எங்கள் கடல் கிழக்கே இருக்கிறது. காலையில் நிழல் கரைப் பக்கம் விழும், அதனால் நாம் முழங்கால் தண்ணீரில் போய் நின்றால்தான் நிழல் அலையில் கிடக்கும். சாயங்காலம் நிழலே நீண்டு தண்ணீருக்குப் போய்விடும், நாம் கரையில் நின்று வெற்றிலை போடலாம்.

நனைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பக்கிரிசாமியிடம் பார்த்தோம். மகள் வீட்டு விசேஷத்துக்கு உள்நாட்டில் ஆறு நாள் தங்கிவிட்டு வந்தார். வளையின் விளிம்பிலிருந்து காய்ந்த மணல் நிற்காமல் உள்ளே சரிந்துகொண்டிருந்தது. குடம் குடமாக ஊற்றியும் கண்கள் வெளியே வரவில்லை. முதலில் அவர் குரல் கரகரத்தது, பிறகு பேச்சு குறைந்தது, பத்தாம் நாள் படகில் சாய்ந்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அவர் நிழலில் வளை தூர்ந்து, வெறும் நிழலாக இருந்தது.

என் மனைவி தில்லையம்மாளுக்கு நடக்க முடியாது. நண்டுகள் வருவதற்கு முந்தின வருஷம் கருவாட்டுப் பரணிலிருந்து விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது, முறிந்தது சேரவில்லை. எங்கள் வீட்டிலிருந்து நாற்பது எட்டு வைத்தால் தண்ணீர். இரண்டு வேளையும் முதுகில் சுமந்து போவேன். சுமக்கும்போது இரண்டு நிழலும் ஒன்றாகிவிடும், அது இரண்டு நண்டுகளுக்கும் பிடிக்காது, கொடுக்கில் இருக்கிற வரிகளைக் காலில் உரசிக் கறகறவென்று சத்தம் போடும். "இறக்கி விடுங்க. சண்ட போடுதுவோ" என்பாள். அலை ஓரத்தில் அவளை உட்கார வைத்துவிட்டு ஒரு பாகம், இரண்டு கையையும் விரித்த தூரம், தள்ளி நிற்பேன். நாங்கள் பிள்ளை இல்லாதவர்கள். அவள் நண்டு பெண் நண்டு. ஒரு பௌர்ணமிக்கு முன் அது வயிற்றடியில் கொத்தாக முட்டையை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. அலை வரும்போது உடம்பைத் தூக்கித் தூக்கி உலுக்கி, அத்தனையையும் தண்ணீரில் விட்டுவிட்டு, ஒன்றும் நடக்காததுபோல் உள்ளே போனது. தில்லை வெகுநேரம் அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது, "எத்தன இருக்கும்" என்று கேட்டாள். ஆயிரக்கணக்கில் என்றேன். "பொழச்சா சரி" என்றாள்.

பிறகுதான் அந்த அரசாங்க உத்தரவு வந்தது. கடல் வீடுகளையும் தின்றுவிடும், அதனால் நாங்கள் எல்லோரும் எட்டு கிலோமீட்டர் உள்ளே, வயலில் செம்மண் கொட்டிக் கட்டியிருக்கிற குடியிருப்புக்குப் போய்விட வேண்டும்.

ஊர் கூடியது. மனு எழுத வேண்டும் என்றார்கள், என்னைப் பார்த்தார்கள். நான் பள்ளிக்கூடம் போனவன் இல்லை. கருவாடு மடிக்க வாங்கிய பழைய பத்திரிகைகளைப் படித்து எழுத்துக் கற்றவன். கூட்டுறவுச் சங்கத்துக்கு வலைக் கணக்கு எழுதித் தருகிறவனும் நான்தான்.

"அரங்கையா, நல்லா அழுத்தி எழுது" என்றார் நாட்டார். "எங்க வளய விட்டுட்டு எங்களால வர முடியாது, அது காஞ்சா நாங்களும் காஞ்சிருவோம். இதான் விஷயம். மத்ததெல்லாம் நீ அழகா போட்டுக்க."

அழகாகத்தான் போட்டேன். இரண்டு பக்கம் எழுதினேன். பக்கத்தில் தில்லை வலியில் முனகிக்கொண்டிருந்தாள், அவளுக்குக் கால் பிடித்துவிட்டு வந்து எழுதுவதும் மறுபடி போவதுமாக ஒரு பகல் முழுக்க எழுதினேன். அனுப்பி ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. கோயில் வாசலில் எல்லோரையும் வைத்துக்கொண்டு உரக்கப் படித்தேன்.

"தங்கள் வலைகளைக் கரையிலிருந்து அகற்ற இயலாது என்ற கோரிக்கை பரிவுடன் ஏற்கப்பட்டது."

ஊர் சிரித்தது, ஒரு கிழவர் என் முதுகில் தட்டினார். எனக்கு மட்டும் கண் அந்த எழுத்திலேயே நின்றுவிட்டது. எங்கள் கரையில் வலைக்கும் வளைக்கும் நாக்கு ஒன்றுதான், இரண்டையும் ஒரே மாதிரிதான் சொல்வோம், யாரும் குழம்ப மாட்டோம், எது என்பது பேச்சிலேயே தெரிந்துவிடும். காகிதத்தில் அது தெரியாது. ஆயுசெல்லாம் வலை வலை என்று கணக்கு எழுதிய கை, இரண்டு பக்கத்திலும் பதினேழு இடத்தில் வலை என்றே எழுதியிருந்தது.

மிச்சத்தையும் படித்தேன். வலைகள் கரையிலேயே இருக்கலாம். அவற்றுக்கு ஒரு கூடம் கட்டித் தரப்படும். அவை எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும் என்று மனுவில் கேட்டுக்கொண்டபடி தண்ணீர்த் தொட்டியும் அமைக்கப்படும். காவலுக்கு ஆள் போடப்படும். மனிதர்கள் மட்டும் குடியிருப்புக்கு மாற வேண்டும்.

"வளய இங்க விட்டுட்டு ஆளு மட்டும் எப்புடிப் போறது?" என்றாள் கனகு. "எவன்யா இத எழுதுனவன்? அவன் நிழல அவன் ஆபீசுல கழட்டி மாட்டிட்டு வீட்டுக்குப் போவானா?"

"கேட்டதக் குடுத்துட்டேன்னு எழுதிட்டான்" என்றார் நாட்டார். "இனிமே என்னத்தப் போயி கேக்குறது."

நான் காகிதத்தை மடித்தேன். சொல்லியிருக்கலாம். இன்றுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. ஒரு வாரத்தில் லாரி வந்து, ரேஷன் அட்டையில் பெயர் இருக்கிற ஆளுக்கொரு நைலான் வலை இறக்கிவிட்டுப் போனது, பால்குடிக் குழந்தைக்கும் ஒன்று. கனகு தன் பங்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "கேட்டது ஒண்ணு, குடுத்தது ஒண்ணு" என்றாள். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

தில்லையிடம் மட்டும் சொன்னேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

"ஒத்த எழுத்தா?"

"ஒத்த எழுத்துதான்."

"எப்புடி இருக்கும், காட்டுங்க."

அவள் உள்ளங்கையில் விரலால் இரண்டு எழுத்தையும் எழுதிக் காட்டினேன். கையை மூடித் திறந்து பார்த்தாள். "ரெண்டும் நண்டாட்டந்தான் இருக்கு" என்றாள். "நானே எழுதியிருந்தாலும் மாத்தித்தான் எழுதியிருப்பேன். விடுங்க."

விட முடியவில்லை. மற்றவர்களுக்குக் கால் இருந்தது. போலீஸ் வந்து குடியிருப்புக்கு ஏற்றிவிட்ட பிறகு அவர்கள் இரண்டு வேளையும் எட்டு கிலோமீட்டர் வந்து எட்டு கிலோமீட்டர் திரும்பினார்கள், முகம் செத்துப்போய். நான் முதல் நாள் அவளைச் சுமந்து பாதி வழி வந்தேன், மீதி வழி ஒரு மீன் வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டார். இரண்டாம் நாள் என் முதுகு பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் கோணியில் ஈர மணல் கொண்டுவந்து அவள் கட்டிலுக்கடியில் நிழல் விழுகிற இடத்தில் பரப்பினேன், சிமெண்டுத் தரை அதைக் குடித்துவிட்டது. நான்காம் நாள் அவள் குரல் கரகரத்தது. ஐந்தாம் நாள் காலையில் வளையின் விளிம்பிலிருந்து மணல் மெல்ல உள்ளே சரியத் தொடங்கியதை நான் பார்த்தேன், நான் பார்த்ததை அவளும் பார்த்தாள்.

"அந்தக் காயிதத்துல என்னா போட்டிருக்கு, திருப்பிப் படிங்க" என்றாள்.

படித்தேன்.

"வல கரையில இருக்கலாம்னு போட்டிருக்கா?"

"இருக்கலாம்."

"ஈரமா இருக்கணும்னும் போட்டிருக்கா?"

"போட்டிருக்கு."

"அப்ப என் பங்கு வலைய எடுங்க" என்றாள் தில்லை. "என்னைய அதுல சுத்துங்க."

கனகுவும் வந்தாள். இரண்டு பேருமாக அவளை வலையில் சுற்றி, கழியில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தோம். கனகு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். "எங்கக்கா கலியாணத்துலகூட இம்புட்டுச் சிங்காரிச்சுக்கல மாமா." உள்ளேயிருந்து தில்லை, "ஆட்டாமத் தூக்குடி" என்றாள். குரல் காற்று மாதிரி இருந்தது.

எங்களை ஏற்றிவிட்ட அன்றே வீடுகளை இடித்துவிட்டு, அந்த இடத்தில் அவசரமாக வலைக்கூடம் எழுப்பியிருந்தார்கள். தூண் மட்டும்தான், கூரைக்கான தகரம் கடைசிவரை வரவில்லை, அதனால் வெயில் இருந்தது, வெயில் இருந்ததால் நிழலும் விழுந்தது. காவலுக்குப் போட்டிருந்தவர் சென்னிமலை என்று மேற்கத்திக்காரர், அதுவரை கடலையே பார்த்திராதவர். ஒரு நோட்டில் தினமும் வலைகளின் எண்ணிக்கையும் ஈரமும் எழுதுவது அவர் வேலை.

"ஏனுங்க, இது என்னுங்க?" என்றார்.

"வல" என்றேன்.

"வலைங்களா, வளைங்களா?" அவர் ஊர் நாக்கு இரண்டையும் தனித்தனியாகச் சொன்னது. அவர் என் முகத்தைப் பார்த்தார், வலைக்குள் பார்த்தார், பிறகு தன் காலடியைப் பார்த்தார். அங்கே நான்கு நாள் நின்றிருந்தவர் அவர். அவர் நிழலிலும் முழங்கால் பக்கத்தில் புது மண் குவிந்திருந்தது. நோட்டை எடுத்து, "வலை ஒன்று, ஈரம் போதாது" என்று எழுதிவிட்டு, தொட்டியிலிருந்து அவரே ஒரு வாளி கடல் தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினார்.

பதினோரு வாளி ஊற்றினோம். சரிந்த மணல் நின்றது. பன்னிரண்டாவது வாளியில் ஒரு கண் வெளியே வந்தது, கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. தில்லை தண்ணீர் கேட்டுக் குடித்தாள்.

மறுநாள் மூன்று வலை வந்தது, அதற்கடுத்த நாள் இருபது. ஒரு மாதத்தில் ஊரே விடிந்ததும் ஆளுக்கொரு வலையைப் போர்த்திக்கொண்டு கரைக்கு வந்து, கூடத்தில் நிழலை நனைத்துப் படுத்துக்கிடந்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் குடியிருப்புக்குத் திரும்பியது. தில்லை மட்டும் திரும்பவில்லை. நானும் என் வலையை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆய்வுக்கு ஓர் அதிகாரி ஜீப்பில் வந்தார். காலை பத்து மணி வெயில், குடை பிடித்திருந்தார். வரிசையாகக் கிடந்த வலைகளைப் பார்த்துக்கொண்டே வந்து தில்லையிடம் நின்றார். நான் என் வலைக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அவளைத் தூக்கி ஏற்றிவிட்டால் இன்னொரு தடவை கொண்டுவர எனக்கு உடம்பு இல்லை.

"உள்ளே ஏதோ அசையுதே?"

"பட்ட மீனுங்க சார். இன்னும் பிரிக்கலீங்க" என்றார் சென்னிமலை.

அதிகாரி குடையை மடக்கி அதன் நுனியால் தொடப் போனார்.

"பாத்துங்க, கண்ணி அறுந்துரும்" என்றாள் தில்லை.

"வலை பேசுது" என்றார் அதிகாரி.

"ஈரமா இருந்தாப் பேசுமுங்க."

அதிகாரி சிரிக்கவில்லை. "எல்லாரையும் வண்டியில ஏத்தச் சொல்லணும்" என்று திரும்பினார். அப்போது அவர் பளபளத்த செருப்பின் மேல் மணல் விழுந்தது. குனிந்து உதறினார், மறுபடி விழுந்தது. தன் நிழலில், சட்டைப் பை இருக்கிற இடத்தில், இரண்டு கண்கள் நிமிர்ந்து நிற்பதை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இது கடிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"கடிக்காதுங்க. காத்தால ஒருக்கா, பொழுதோட ஒருக்கா நனைக்கோணுமுங்க."

"நான் இருக்கிறது டவுன்ல."

அவர் நோட்டை வாங்கி, வலைகள் சரிபார்க்கப்பட்டன என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் காலையிலும் ஜீப் வந்தது. பேண்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டு தண்ணீரில் போய் நின்றார். தினசரி ஆய்வு என்று எழுதிக்கொண்டார் என்று சென்னிமலை சொன்னார்.

தில்லை அதற்குப் பிறகு மூன்று வருஷம் இருந்தாள். அவள் போனது காய்ந்துபோனதால் இல்லை, நெஞ்சில் சளி கட்டி, ஒரு மழைக்காலத்தில், நாள் ஆகிவிட்டதால் போனாள். வலைக்குள்ளேதான் போனாள். அன்று காலை சென்னிமலை நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு எதுவும் எழுதாமல் உட்கார்ந்திருந்தார்.

நனைந்து வாழ்ந்தவர் இறந்தால் அவருடைய நண்டு தானாக வெளியே வந்து, அலை ஓரமாக நடந்து, பிறகு கண்ணில் படாது. எல்லோருக்கும் அப்படித்தான் நடந்தது. அவளைக் குழியில் வைத்து மூடிவிட்டு எல்லோரும் குளித்துவிட்டுப் போன பிறகு, அதை ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று, மழை விட்ட சாயங்கால வெயிலில், நான் அலைக்குக் கொஞ்சம் மேலே தள்ளி நின்றேன். வந்தது. பக்கவாட்டில் ஓடி வந்து, தண்ணீரைத் தொட்டு, நின்றது. பிறகு திரும்பி, மணலில் நீண்டு கிடந்த என் நிழலின் விளிம்பை ஒரு சுற்றுச் சுற்றி உள்ளே ஏறியது. என் நண்டு கறகறவென்று கத்திப் பார்த்தது. ஒரு வளையில் இன்னொன்றை அவை விடுவதில்லை. இது சண்டைக்குப் போகவில்லை. ஒரு சாண் தள்ளி, என் தோள் இருக்கிற இடத்தில், தனக்கென்று தோண்ட ஆரம்பித்தது. பொழுது இறங்கும்வரை என் கால்மேல் மண் விழுந்துகொண்டிருந்தது.

இப்போது என் நிழலில் இரண்டு வளை. ஒன்று வெளியே இருக்கும்போது மற்றது வராது, அதனால் நான் ஒரு நாளைக்கு நான்கு தடவை தண்ணீருக்குப் போகிறேன். என் நண்டு வந்தவுடன் நனைந்துவிட்டு உள்ளே போய்விடும். அவளுடையது வாயிலில் நின்று, கண்ணை மட்டும் நீட்டி, அலையைப் பார்த்து, என்னைப் பார்த்து, வேறு வேலையே இல்லாததுபோல நேரம் எடுத்துக்கொள்ளும். முழங்கால் வலிக்கிறது. நிற்கிறேன்.